பார்ன்ஸ்லியின் வலது பக்கம்

பாலேந்திராவின் மேசையில் நின்ற மாதிரி ரயில் எஞ்சினுக்கு இடது பக்கம் மட்டுமே முடிந்திருந்தது. பச்சை உடல். செம்மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள். பெரிய சக்கரத்தின் மேல் வளைந்த மூடியில் பித்தளைப் பெயர்த்தகடு: பார்ன்ஸ்லி. அதன் கீழே மிளகளவில் ஒரு கால்பந்து.

வலது பக்கம் சாம்பல் நிற அடிப்பூச்சுடன் பதினொரு வருடங்களாகச் சுவரைப் பார்த்து நின்றது.

படம் இல்லாததுதான் காரணம். இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு குறிப்பிட்ட எஞ்சினை, ஒரு குறிப்பிட்ட வருடத்தில் இருந்தபடி செய்வார்கள். படத்தில் இருப்பதைச் செய்யலாம். இல்லாததைச் செய்யக்கூடாது. ஓர் எஞ்சினின் இரண்டு பக்கங்களும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கம் திருத்தியிருப்பார்கள், மறுபக்கத்தை விட்டிருப்பார்கள். பாலேந்திராவிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு தாளிலும் மூன்று நிரல்கள்: பகுதி, ஆதாரம், ஆண்டு. இடது பக்கத்துக்கு நாற்பத்தொரு வரிகள். வலது பக்கத்துக்கு ஒன்றுமில்லை.

கனடாவிலிருந்து மனைவி தங்கமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். மகளின் பிள்ளையைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று போனவள். மூன்று வருடமாகிவிட்டது.

"என்னப்பா, அந்தப் பக்கம் முடிஞ்சுதோ?"

"இல்லை."

"இந்தப் பக்கத்தைப் பார்த்து அந்தப் பக்கத்தை அடிக்க ஏலாதோ? ஆர் வந்து பார்க்கப் போகினம்?"

"அப்பிடிச் செய்யிறேல்லை."

"ஓம், ஓம். நீங்களும் உங்கட சட்டமும்."

பார்ன்ஸ்லி ஓடிய காலத்தில் பாலேந்திரா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். அந்த வகை எஞ்சினை அவர் கண்டதில்லை. அதைக் கண்ட ஒருவரையும் சந்தித்ததில்லை. 1986இல், அவருக்கு இருபத்தொன்பது வயதில், டென்மார்க்கின் அகதி முகாமில் புத்தகப் பெட்டி ஒன்று இருந்தது. எல்லாம் டேனிஷ். ஒன்று மட்டும் ஆங்கிலம். அட்டை இல்லை. பிரித்தானியாவின் நீராவி எஞ்சின்களைப் பற்றியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருக்குப் படிக்க வேறொன்றும் கிடைக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பார்ன்ஸ்லி நின்றது. விரைவு வண்டிகளை இழுத்த வகை. எழுபத்துமூன்று கட்டினார்கள். பலவற்றுக்குக் கால்பந்துக் கழகங்களின் பெயர். 1960 ஓகஸ்டில் கடைசியையும் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் வெட்டி இரும்பாக விற்றார்கள். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடைசி வசனத்தை அவர் பலமுறை படித்தார். முகாமை விட்டுப் போகும்போது புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

ரண்டர்ஸில் உலோகத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை. மதிய இடைவேளைகளில் மிஞ்சிய பித்தளையில் பாகங்களைக் கடைந்தார்.

நவம்பரில் கோகிலா கூப்பிட்டாள். முகாமில் தங்கமலருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். இப்போது ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

"அண்ணை, இஞ்ச ஒருத்தர் வந்திருக்கிறார். ஓவெ. எண்பத்தெட்டு வயசு. முந்தி எஸ்பியர் துறைமுகத்துக் கப்பலில சமையல்கட்டில நிண்டவராம். இங்கிலாந்துக்குப் போய்வாற கப்பல்."

"ஹாரிச் துறைமுகத்துக்கோ?"

"அப்பிடித்தான் ஏதோ சொன்னார். அங்க கோச்சி எஞ்சின் ஒண்டில கால்பந்து இருந்ததாம். எனக்கு உங்கட நினைப்பு வந்தது. விசர்க்கதையோ தெரியேல்லை."

பாலேந்திரா கதிரையில் உட்கார்ந்தார்.

"விசர்க்கதை இல்லை. இருந்தது."

"அப்ப வாங்கோ. அவருக்கும் ஆக்கள் வாறேல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை மரப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்து எடுத்துப்போனார். புத்தகமும் கொப்பியும் தோள்பையில். லங்கோவில் ஒருமுறை, ஸ்ட்ரூவரில் ஒருமுறை வண்டி மாறவேண்டும். பெட்டியை மடியில் வைத்திருந்தார். எதிரே இருந்த பெண் டேனிஷில் கேட்டாள்.

"உள்ளே பூனையா?"

"எஞ்சின்."

அவள் தலையாட்டிவிட்டு யன்னலைப் பார்த்தாள்.

ஓவெயின் அறையில் ஒரு கட்டில், இரண்டு கதிரைகள், ஒரு மேசை. சுவரில் ஒரு பெண்ணின் படம். ஓவெ மெலிந்த நெடிய மனிதர். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் பிழையாகப் போட்டிருந்தார். கோகிலா அதைச் சரிசெய்துவிட்டு வெளியே போனாள்.

பாலேந்திரா பெட்டியைத் திறந்தார். எஞ்சினை மேசையில் வைத்தார். இடது பக்கம் ஓவெயை நோக்கி.

ஓவெ நீண்ட நேரம் பார்த்தார்.

"இவ்வளவு பச்சையா?" என்றார்.

"ஆமாம்."

"எனக்குப் பச்சை தெரியாது. கறுப்புத்தான் தெரியும். கரியும் எண்ணெயும். மற்றப் பக்கத்தைத் திருப்பு."

டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். பாலேந்திராவுக்கு மட்டும் அது இன்னும் வாயில் வருவதில்லை. அந்த இடத்தை விழுங்கிவிட்டுப் பேசுவார்.

திருப்பினார். ஓவெ சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் நான் பார்த்த பக்கம். கப்பல் காலையில் போய்ச் சேரும். ஆட்கள் இறங்கி வண்டியில் ஏறுவார்கள். எனக்குச் சிகரெட் குடிக்கப் பத்து நிமிடம். வேலியருகே போய் நிற்பேன். எஞ்சின் இந்தப் பக்கமாக நிற்கும். கப்பலின் சத்தம் ஓய்ந்துபோயிருக்கும். அது மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். பயணிகளுக்கெல்லாம் போவதற்கு இடம் இருந்தது. எனக்கும் அதற்கும்தான் அங்கே நிற்கிற வேலை."

பாலேந்திரா கொப்பியைத் திறந்தார். பேனையின் மூடியைக் கழற்றினார்.

"பந்து?"

"பந்து இல்லை."

"பந்து இருந்ததாகக் கோகிலாவிடம்..."

"மற்ற எஞ்சின்களில் இருந்தது. இதில் இல்லை. இந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டு துளை மட்டும். எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப்போடுகிறவனிடம் கேட்டேன். என் ஆங்கிலம் சமையல்கட்டு ஆங்கிலம். வேர் பால், பந்து எங்கே, என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். பிறகு சிரித்தான். ஓவர் தி பார், என்றான். அப்போது விளங்கவில்லை. கப்பலில் ஒருவனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோலுக்கு மேலால் போய்விட்டதாம்."

ஓவெ சிரித்தார். பாலேந்திராவும் சிரித்தார். முப்பத்தெட்டு வருடத்தில் இந்த எஞ்சினைப் பற்றி இன்னொருவருடன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் எழுதினார். வலது பக்கம். பந்து இல்லை. இரண்டு துளைகள். அடுத்த நிரலுக்கு வந்தார்.

"எந்த ஆண்டு?"

"அறுபத்திரண்டு."

பாலேந்திரா பேனையைத் தாளிலிருந்து எடுத்தார்.

"அறுபத்திரண்டாக இருக்க முடியாது."

"அறுபத்திரண்டு. அந்த வசந்தத்தில்தான் கீர்ஸ்டனைக் கட்டினேன்." ஓவெ சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். "திரும்பி வந்து அவளிடம் அந்தக் கதையைச் சொன்னேன்."

"1960 ஓகஸ்டிலேயே கடைசி எஞ்சினும் போய்விட்டது. பார்ன்ஸ்லி அதற்கு முன்பே."

"நான் அங்கே நின்றேன்."

"வேறு எஞ்சினாக இருக்கலாம். அறுபத்திரண்டில் அங்கே டீசல்தான்."

"டீசலுக்குக் கரி இருக்குமா?"

பாலேந்திரா தோள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தானாகவே விரிந்தது. வரியின் கீழ் விரலை வைத்து நீட்டினார்.

ஓவெ கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. யன்னலோரத்தில் இருந்தது. போட்டுக்கொண்டு வாசித்தார். மெதுவாக, உதடுகள் அசைய. பிறகு புத்தகத்தை மூடி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியானால் நான் பார்க்கவில்லை," என்றார்.

"நான் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டு மட்டும்..."

ஓவெ யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வெளியே வாகனத் தரிப்பிடம். கோகிலா கோப்பி கொண்டுவந்தாள். இருவரையும் பார்த்தாள். ஓவெ கோப்பியைத் தொடவில்லை. பாலேந்திரா குடித்து முடித்தார். எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்தார். அவர் புறப்பட்டபோது ஓவெ திரும்பவில்லை.

திரும்பும் வண்டியில் கொப்பியைப் பார்த்தார். ஆண்டு நிரலில் கேள்விக்குறி. பந்து இல்லை என்ற வரியின் மேல் மெல்லிய கோடு. எப்போது கீறினார் என்று நினைவில்லை.

இன்னொரு மேசை நினைவுக்கு வந்தது. முகாமில், அகதி மனு விசாரணை நாள். பொலிஸ் அதிகாரி மரியாதையான மனிதர். கோப்பி கொடுத்தார். உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோனது எப்போது, என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றார் பாலேந்திரா. முதல் விசாரணையில் வியாழன் என்று சொன்னீர்களே, என்றார் அதிகாரி. கோபமில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு பாலேந்திரா எல்லாக் கேள்விகளுக்கும் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னார். தம்பியின் செருப்பு ஒன்று வீட்டுப் படலையடியில் கிடந்ததைச் சொல்லவில்லை. அதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனார். பெட்டி இல்லை, புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. ரோல்ஸ் பொரித்து ஒரு டப்பாவில் கொண்டுபோனார். ஆறு.

கோகிலா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணை, சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா வரவேண்டாம் எண்டிருப்பீர்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உங்களைப் பார்க்கமாட்டாராம். அந்தப் பொலிஸ்காரன் வந்தா விடாதே எண்டு சொல்லியிருக்கிறார்."

"பொலிஸ்காரனோ?"

"புத்தகத்தோட வந்த பொலிஸ்காரன் எண்டு. நான் சிரிச்சுப்போட்டன். குறை நினைக்காதேங்கோ."

"இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கிறார்."

"என்ன சரி? அண்ணை, அவர் என்ர பேரைக் கிழமைக்கு ஒருக்கா மாத்திறார். போன கிழமை நான் யூலியானா. வருசம் கேட்டா எந்த வருசமும் சொல்லுவார். ஆனா ராவு நான் எத்தினை தரம் கதவைத் திறந்தனான் எண்டு கேட்டுப் பாருங்கோ. பிழைக்காது."

"அந்தப் பந்துக்கதையைத் திரும்பச் சொன்னவரோ?"

"இல்லை. நான் கேட்டனான். அப்பிடி ஒண்டும் இல்லை, நான் பார்க்கேல்லை எண்டிட்டார்."

பாலேந்திரா ரோல்ஸ் டப்பாவைக் கொடுத்தார்.

"நான் தந்தது எண்டு சொல்லாதேயும்."

"உறைக்குமோ?"

"மிளகாய் போடேல்லை."

"நீங்களோ? மிளகாய் இல்லாமலோ?" கோகிலா டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தாள். "அப்ப உண்மையாத்தான் கவலைப்படுறியள்."

மாலை நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. நிலையத்தில் அவர் மட்டும் நின்றார். இரண்டு பெட்டிகளுடன் வண்டி வந்தது, கதவைத் திறந்தது, மூடியது. ஓவெயின் பத்து நிமிடத்தைப் பற்றி யோசித்தார். அறுபது வருடத்துக்கு மேலாக ஒருவன் அதை வைத்திருந்தான். கேட்க ஆள் வந்ததும் எடுத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து மேசை விளக்கைப் போட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியை இழுத்து வைத்தார். படச்சுருள் டப்பா ஒன்றில் வலது பக்கத்துக்கென்று கடைந்து வைத்த பந்து இருந்தது. பதினொரு வருடங்களாக இருந்தது. அதை எடுத்து விளக்கில் பார்த்தார். திரும்பவும் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

பெயர்த்தகட்டை ஒட்டினார். அதன் கீழே, மயிரிழைத் துளைப்பானால், இரண்டு துளைகள் போட்டார். எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. பந்தின் அகலத்துக்குள், ஓவெ விரல் வைத்த இடத்தை நினைத்துக்கொண்டு போட்டார்.

பச்சைக்கு அதன் பிறகு நான்கு மாலைகள் பிடித்தன. ஐந்தாவது மாலை, பச்சையின் மேல் கரி. தூரிகையால் அல்ல, பழைய துணியால். முதலில் சக்கரங்களுக்கு. பிறகு கொதிகலனுக்கு. கோடுகள் மறைந்தன. எண் மறைந்தது. கை நிற்கப் பார்த்தது. நிறுத்தவில்லை. கடைசியில் பச்சை எங்கே இருக்கிறதென்று தெரிந்தவருக்கு மட்டுமே தெரிந்தது.

கொப்பியை விரித்தார். கோடு கீறிய வரியின் கீழ் புதிதாக எழுதினார்.

பகுதி: வலது பக்கம். பந்து இல்லை. இரண்டு துளைகள். கரி.

ஆதாரம்: ஓவெ. எஸ்பியர் கப்பல், சமையல்கட்டு. நேரில் பார்த்தவர்.

ஆண்டு நிரலில் பேனை சற்று நின்றது. பிறகு எழுதினார்: 1962.

அந்த ஆண்டில் அந்த வகையில் ஓர் எஞ்சின்கூட மிஞ்சியிருக்கவில்லை. அவருக்கு அது தெரியும்.

கைபேசியால் ஒரு படம் எடுத்துக் கோகிலாவுக்கு அனுப்பினார். அவருக்குக் காட்டும், என்று எழுதினார். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. காட்டினன் அண்ணை. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கமலர் கூப்பிட்டாள்.

"என்னப்பா, அந்தப் பக்கம் முடிஞ்சுதோ?"

"ஓம்."

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உண்மையாவோ? படம் கிடைச்சதோ?"

"இல்லை. ஒருத்தர் சொன்னார்."

"ஒருத்தர் சொன்னதுக்கு நீங்கள் செய்தனீங்களோ?"

"ஓம்."

அவள் குழந்தையின் கையிலிருந்து எதையோ பிடுங்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இனி என்ன செய்யப்போறியள்?"

குழந்தை அழத் தொடங்கியது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாலேந்திரா மேசைக்குப் போனார். எஞ்சினை இரண்டு கைகளாலும் தூக்கித் திருப்பி வைத்தார். பச்சைப் பக்கம் சுவருக்கு, கரிப்பக்கம் அறைக்கு. கதிரையை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடம் இருந்தார்.