கீழே நட்டைப் பிடித்த கை

1974 ஏப்ரல் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்முண்ட் ஸ்காவ்லியின் வலது கை மணிக்கட்டோடு கழன்று அண்ணன் படகுக்கு வேலைக்குப் போனது. பன்னிரண்டு மணிக்குக் கிரீஸ் வாடையோடு திரும்பித் தன் இடத்தில் சேர்ந்துகொண்டது. இரத்தமில்லை, வலியுமில்லை. அந்த ஆண்டு லிங்கோர் தீவுகளில் ஹெர்ரிங் மீன் வரத்துக் குறைவு.

லிங்கோரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுவது கடல்தான். அதன் ஒரு கரையில் அண்ணன் தாரால்டின் வீடு, எதிர்க்கரையில் தம்பி ஆஸ்முண்டின் வீடு. ஒருவர் சமையலறை வெளிச்சம் மற்றவர் மேசைவரை வரும். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. அப்பா கட்டிய ‘குனில்ட்’ என்ற பாய்மரப் படகில், பாய்க்கயிறு இழுக்கும் வெண்கல உருளைகளை இருவரும் சேர்ந்துதான் பொருத்தியிருந்தார்கள். மேல்தளத்தில் உட்கார்ந்து போல்ட்டை இறக்கியவர் தாரால்ட். உள்ளே மல்லாந்து படுத்து நட்டைப் பிடித்தவர் ஆஸ்முண்ட். இரண்டே ஆண்டில் அங்கே துருநீர் ஒழுகத் தொடங்கியது. உப்புத் தண்ணீரில் வெண்கலமும் எஃகும் ஒட்டியிருந்தால் எஃகு அரித்துப்போகும் என்பது அந்தக் கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

“எஃகு நட்டைப் போட்டு அப்பா படகையே கெடுத்துட்டியேடா” என்று படகுத்துறையில் நாலு பேர் முன்னால் சொன்னார் தாரால்ட்.

“கழட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லு” என்றார் ஆஸ்முண்ட்.

நட்டுகள்மேல் பெயின்ட் பூசியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் சுரண்டுவது தம்பி சொல்லுக்கு இறங்கிப்போவதாகும். ஸ்காவ்லி குடும்பத்தில் மூத்தவர் இறங்கிப்போன வழக்கமில்லை. தாரால்ட் ஒழுகிய இடத்தில் தார் பூசினார், ஆண்டுதோறும் பூசினார். ஆஸ்முண்ட் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார்.

அந்த 1974 வசந்தத்தில் தாருக்கும் கட்டுப்படாத நிலை வந்தது. படுக்கைப் பலகையில் மழைநீர் தேங்கி, போல்ட்டைச் சுற்றிய மரம் ரொட்டிபோல மிருதுவானது. உருளைகள், கயிறு சுற்றும் கொம்புகள், கம்பித் தூண்களின் பாதங்கள் எல்லாவற்றுக்குமாக அறுபத்திரண்டு போல்ட்களை மாற்றாவிட்டால் இன்னும் சில குளிர்காலம்கூடப் படகு தாங்காது. மேலே ஒருவர் திருக, கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். தனியாளால் ஆகாத வேலை. ஊர் கூடி ஒருவர் படகை ஒருவர் சீர்செய்யும் சனிக்கிழமை வந்தது. துறைக் காவலர் ஓட்மார், “ரெண்டு பேரை அனுப்பட்டுமா?” என்று தாரால்டிடம் கேட்டார்.

“ஸ்காவ்லி படகுல வெளியாள் கை பட்டதில்ல.”

“அப்ப மழைத்தண்ணி மட்டும் சொந்தக்காரனா?”

தாரால்ட் திங்கட்கிழமை தனியாக மேல்தளத்தில் உட்கார்ந்தார். அப்பா வைத்த முறை ஒன்று உண்டு: ஒரு தட்டு என்றால் பிடி, இரண்டு என்றால் விடு, மூன்று என்றால் வேலை முடிந்தது, மேலே வா. பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். கீழே நட்டை ஸ்பேனர் கவ்வியது. அரைச் சுற்றுப் பின்னுக்கு இழுத்து அப்புறம் இறுகும் அந்தப் பிடி யாருடையது என்று அவருக்குத் தெரியும். குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்க்கரையில் கடைக்காரி போர்கில்ட் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, “வலது கை எங்கே, ஆஸ்முண்ட்?” என்றாள்.

“வேலைக்குப் போயிருக்கு.”

“கையை மட்டும் அனுப்புவானேன்? மிச்ச ஆளும் போனா என்ன?”

“மிச்ச ஆளைக் கூப்பிடலையே” என்று இடது கையால் மீனை வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் உருளைகளின் போல்ட்கள் வெளியே வந்தன. எல்லாம் எஃகு; நடுவில் தீக்குச்சி அளவுக்குத் தேய்ந்திருந்தன. நண்பகலில் தாரால்ட் கீழே இறங்கினார். படுக்கைப் பலகைமேல் பன்னிரண்டு நட்டுகள் சுரண்டித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டும் வெண்கலம். எஃகு மேலிருந்து வந்தது. மேலே இருந்தவர் அவர்தான். மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து காப்பி இரண்டு கோப்பையானது. ஒன்றைப் படிக்கட்டில் வைப்பார். கைக்கு வாய் கிடையாது என்பதால் ஆறிப்போனதை அவரே குடிப்பார். ஒவ்வொரு நண்பகலும் இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்றாவதற்கு அவர் விரல் மடங்கும், மடங்கியபடியே சட்டைப் பைக்குள் போய்விடும். வேலையை ஏப்ரல் மாதங்களுக்கென்று ஒதுக்கி, இரண்டு நாளைக்கு ஒரு போல்ட் என்று இழுத்தடித்தார். அப்படி நான்கு வசந்தங்கள் போயின. எதிர்க்கரை விளக்கு தினமும் ஒன்பதரைக்கு அணையும். அதற்குப் பிறகுதான் அவர் தன் விளக்கை அணைப்பார்.

1978 பிப்ரவரியில் அந்த விளக்கு ஏற்றப்படவில்லை. சவப்பெட்டியில் ஆஸ்முண்டின் வலது சட்டைக்கையின் நுனி வெறுமையாக இருந்தது. பாதிரியார் பதிவேட்டில் ‘வலது கை பணியில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாரால்ட் கடைசி வரிசையில் நின்றார். யாரும் அவரை முன்னால் வரச் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஒரே ஒரு போல்ட் மீதமிருந்தது. அவர் ஒரு தட்டுத் தட்டினார். கீழே ஸ்பேனர் அரைச் சுற்றுப் பின்னுக்கு இழுத்து இறுகியது. புது வெண்கல போல்ட் இறங்கி உட்கார்ந்தது. வெகுநேரம் கழித்து, “தப்பு என்னோடதுடா, ஆஸ்முண்ட்” என்று பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தாரால்ட் மூன்று தட்டுத் தட்டினார்.

கை படிக்கட்டில் ஏறி வந்து, வெயிலில் அவருக்கு இடப்பக்கம், காப்பிக் கோப்பை அருகே அமர்ந்தது.

குனில்டில் அதன்பின் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை. கோடையில் லிங்கோரைக் கடக்கும் படகுகள் வழக்கப்படி கை அசைக்கும். குனில்டிலிருந்து இரண்டு கைகள் பதிலுக்கு அசையும். சின்னவருடையது கொஞ்சம் முந்தி.