தரை துடைக்கும் மாப்புக்கும் ஹலால்

தையல்காரம்மா மளிகைக் கடைக்குள் நுழைந்தபோது அவர் தோளில் ஒரு மாப் இருந்தது. தரை துடைக்க நேற்று இதே கடையில் வாங்கியது. அதன் கைப்பிடியில் 'ஹலால்' என்ற வட்டமான பச்சை ஸ்டிக்கர் பளபளத்தது.

"அண்ணே, இதைக் குழம்பு வைக்கணுமா, பொரிக்கணுமா?"

கடைக்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கடைக்காரரின் மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரத்தைப் பெருக்குகிறேன் என்று போன வாரம் அந்த ஸ்டிக்கர் சுருளைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒட்டிய பொருளெல்லாம் விறுவிறுவென்று விற்றதும் கை நிற்கவில்லை. உப்பு, தண்ணீர் பாட்டில், மெழுகுவத்தி என்று போய், மாப்பு வரைக்கும் வந்துவிட்டார். உப்பில் என்ன தப்பு இருக்கப்போகிறது என்று கடைக்காரரும் விட்டுவிட்டார்.

"ஒரு வேகத்துல ஒட்டிட்டேன்க்கா" என்றார் மச்சான்.

தையல்காரம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்போ அந்த ஜெல்லி மிட்டாய்?"

அவர் மகள் குர்ஆனை முழுதும் ஓதி முடித்திருந்தாள். கூட ஓதும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் இன்று மாலை கொடுக்கத்தான் நேற்று மாப்போடு அந்த மிட்டாயையும் வாங்கியிருந்தார். "ஹலால் பாத்துத்தான் வாங்கினேன்" என்று அவர்களின் அம்மாக்களிடம் வேறு சொல்லியிருந்தார். நல்லவேளை, பையை இன்னும் பிரிக்கவில்லை.

கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். பின்புறம் பொடி எழுத்தில் 'ஜெலட்டின்' என்றிருந்தது. எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. சான்றிதழ் எண்ணும் இல்லை.

"பன்றியிலயிருந்தும் ஜெலட்டின் எடுப்பாங்களே, அண்ணே!"

"ஐயையோ!" என்று அலறினார் மச்சான். "நான் ரெண்டு பாக்கெட் தின்னுட்டேனே!"

"எதைப் பாத்துத் தின்னீங்க, தம்பி?"

"ஹலால்னு போட்டிருந்துச்சுக்கா..."

"போட்டது யாரு?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "நான்தான்."

கடையே குலுங்கியது. இந்த முறை கடைக்காரர் சிரிக்கவில்லை. ஸ்டிக்கர் சுருளைக் குப்பைக்கூடையில் போட்டார். ஜெல்லி பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடது. நல்லா விக்குதேன்னு கண்டும் காணாம இருந்துட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினதை வாங்கினவங்க திருப்பிக் கொண்டுவாங்க" என்றார்.

மிட்டாய்க்குப் பதிலாக இருபத்திரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைத் திருப்பினார். சான்று கொடுத்த அமைப்பின் பெயர், எண், இரண்டும் அச்சாகியிருந்தன.

"எனக்கும் நல்லா வேணும்ணே. பச்சையைக் கண்டதும் பின்னாடி திருப்பியே பாக்கல" என்றார்.

மச்சான் அதற்குள் மாப்பை மடியில் போட்டு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நன்றாக ஒட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிய பசை. லேசில் வருவதாக இல்லை.

"நல்லாச் சுரண்டு, மச்சான்" என்றார் கடைக்காரர். "ஹலால்னு எழுதினா அது நாம சொல்ற சாட்சி. தெரியாததுக்கு ஒட்டினா பொய்ச் சாட்சி. வாங்கறவங்களும் யாரு சாட்சின்னு திருப்பிப் பாத்துத்தான் வாங்கணும். இல்லேன்னா, தானே ஒட்டினதைத் தானே நம்பித் தின்ன உன் கதைதான் எல்லாருக்கும்!"