வாளிக்காரர் மகள்

சனிக்கிழமை சாஃப்ட்பால் ஆட்டத்தில் ஹூஸ்டன் அணிப் பெண்கள் ஷெல்பியை அடித்த அடி கொஞ்சநஞ்சமில்லை. அவள் ரைஸ் என்கிற மேலெழும் பந்தைப் போட்டால், அது எழும்புவதற்கு முன்பே மட்டை மேலே காத்துக்கொண்டிருந்தது. டிராப் போட்டால், அது தாழ்கிற இடத்துக்கு மட்டை முன்கூட்டியே இறங்கி நின்றது. சேஞ்ச் என்று ஒன்று உண்டு. கை என்னவோ சூறாவளியாய்ச் சுழலும், பந்து மட்டும் சோம்பேறியாய் வரும். எத்தனையோ பெரிய பேட்டர்களை அது கோமாளியாக்கியிருக்கிறது. அன்றைக்கு அதைக்கூட அவர்கள் நிதானமாய்க் காத்திருந்து வேலிக்கு வெளியே அனுப்பினார்கள்.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஷெல்பி அணியின் மானேஜர் பெவ் ஆல்சன் மைதானத்துக்குள் நடந்து வந்து, போதும் என்று கையை நீட்டினாள். ஷெல்பி பந்தைக் கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளங்கையில் அறைந்துவிட்டுப் போனாள்.

உடை மாற்றும் அறையில் பெவ் சுற்றி வளைக்கவில்லை. திங்கட்கிழமை அலபாமாவிலிருந்து புதிதாக ஒருத்தி வருகிறாள், கல்லூரி ஆட்டங்களில் எல்லாரையும் திணறடித்தவள், அவள் உள்ளே வர வேண்டுமென்றால் பந்து வீசும் பிட்சர் ஒருத்தி வெளியே போக வேண்டும் என்றாள். நாளை ஞாயிறு ஆட்டத்தையும் ஷெல்பிக்கே தருவதாகவும், நாளைக்கும் இதே கதி என்றால் போவது யார் என்று தான் சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தோளில் தட்டினாள் பாருங்கள், அந்தத் தட்டுதான் ஷெல்பிக்குப் பொறுக்கவில்லை.

ஷெல்பி டிப்டனுக்கு முப்பது வயதாகிவிட்டது. அந்த வயதில் கழற்றிவிடப்பட்ட பிட்சரை இன்னொரு அணி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் லீவு போட்ட ஆசிரியர்களுக்குப் பதிலாகப் போய் வகுப்பில் நிற்பதும், வாடகை வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்பதும், வெயில் வந்ததும் இந்தப் பிட்சர் வட்டத்துக்குள் வந்து நிற்பதற்காகத்தான். வட்டம் போனால் எல்லாம் போனது.

கோபம் வந்தால் அவளுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு அகப்பட்டவள் இனெஸ் காராஸ்கோ, பேட்டருக்குப் பின்னால் குந்தி, என்ன பந்து போடலாம் என்று விரலால் காட்டி, வருவதைப் பிடிக்கிற கேட்சர். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“நீதான் காட்டிக்குடுக்கறே. நான் பந்தை விடறதுக்கு முன்னாடியே கையுறையை நகத்தறே. அவளுங்க அதைப் பாத்துத்தான் அடிக்கறாளுங்க.”

இனெஸ் பூசி மெழுகிப் பேசுகிற ரகம் இல்லை. “வாயைக் கழுவிட்டு வந்து பேசுடி. நான் ரைஸ்னு விரல் காட்டினா வேணாம்னு தலையாட்டறே. டிராப்னா வேணாம்ங்கறே. உனக்கு வேணுங்கறது வர்ற வரைக்கும் நான் கீழ உக்காந்து விரலை மாத்திக்கிட்டே கெடக்கேன். கடைசில என்ன போட்டே? உன் இஷ்டத்தைப் போட்டே. அடி வாங்கினா மட்டும் நானா?”

“நான் பிட்சர். என்ன போடணும்னு எனக்குத் தெரியும்.”

“உனக்கா தெரியும்?” என்று இனெஸ் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. போனை எடுத்து நீட்டினாள். “இதைப் பாரு. உன்னைப் பாக்காதே. என்னையும் பாக்காதே. எனக்குப் பின்னாடி பாரு.”

மைதானத்தின் பின்கோடியிலிருந்து எடுத்த வீடியோ அது. ஷெல்பியின் முதுகு, அவளுக்கு எதிரே பேட்டர், குந்தியிருக்கும் இனெஸ், அம்பயர். அவர்களுக்கும் பின்னால், வலைக்கு அந்தப்பக்கம், வெள்ளை பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ராய்ஸ் டிப்டன், ஷெல்பியின் அப்பா.

அந்த வாளியை ஓக்லஹோமாவில் சாஃப்ட்பால் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஷெல்பி பல் விழுந்து முளைக்கிற வயதில் ராய்ஸ் அதன்மேல் உட்கார்ந்து அவள் வீசும் பந்துகளைப் பிடிக்க ஆரம்பித்தார். எந்தப் பந்து போட வேண்டும் என்று அதிலிருந்தே சைகை காட்டினார். காதைப் பிடித்து இழுத்தால் ரைஸ், முழங்காலைத் தேய்த்தால் டிராப், தொப்பியின் நுனியைத் தாழ்த்தினால் சேஞ்ச். அவள் கல்லூரிக்குப் போனதும் கோச்சுகள் அவரைத் துரத்தினார்கள். ஆனால் அவள் சம்பளத்துக்கு ஆட வந்தபோது பத்திரிகைக்காரர்களுக்கு வாளி பிடித்துப்போய்விட்டது. அவள் ஆடும் ரெட்பட் அணியின் நிர்வாகம் அவருக்கு வலைக்குப் பின்னால் இடம் கொடுத்தது. பனியனில் வாளி படம் போட்டு விற்றது. ஷெல்பியின் படம் போட்டு ஒரு கைக்குட்டைகூட விற்றதில்லை.

வீடியோவில் ராய்ஸ் காதைப் பிடித்து இழுத்தார். இனெஸ் விரல் காட்ட, ஷெல்பி வேண்டாமென்று தலையாட்டி, மறுபடி தலையாட்டி, பிறகு ரைஸ் போட்டாள். ராய்ஸ் முழங்காலைத் தேய்த்தார். டிராப். தொப்பியைத் தாழ்த்தினார். சேஞ்ச், பந்து வேலிக்கு வெளியே. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“சத்தத்தைக் கூட்டு” என்றாள் இனெஸ்.

சாஃப்ட்பாலில் டக்அவுட், அதாவது ஆட்டக்காரிகள் முறைக்காக உட்காரும் கொட்டகை, சும்மா இருக்காது. பாட்டும் கைதட்டலும் நையாண்டியுமாய்க் காது கிழியும். ஹூஸ்டன் டக்அவுட்டில் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் டெஸ்ஸா பஸ்பி. ராய்ஸ் காதை இழுத்தபோதெல்லாம் டெஸ்ஸா விசிலடித்தாள். முழங்கால் என்றால் பேட்டரின் பேரைக் கூவினாள். தொப்பி என்றால் கைதட்டினாள். வரப்போகும் பந்து எது என்று பேட்டருக்குத் தெரிய அது போதும். அவளுக்கு அந்தச் சைகைகள் பாலபாடம். சிறுவயதில் ஷெல்பியோடு ஒரே அணியில் ஆடியவள், அதே ராய்ஸின் வேனில் ஊர் ஊராய்ப் போனவள், ஷெல்பி வீட்டுப் பிரிட்ஜைக் கேட்காமல் திறந்து தின்றவள்.

டெஸ்ஸா மேல் ஷெல்பிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த எரிச்சல் நீடிக்கவில்லை, அதற்குக் கீழே பெரியது ஒன்று புகைந்தது. கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தவள் மேல் என்ன தப்பு? நாம் அல்லவா ஒவ்வொரு பந்துக்கும் இனெஸின் தலைக்கு மேலே பார்த்திருக்கிறோம். பார்க்கிறோம் என்பதே தெரியாமல் பார்த்திருக்கிறோம். பேட்டருடைய மனசைப் படிப்பவள் என்று பேட்டிகளில் பீற்றிக்கொண்டது எல்லாம் அப்பாவின் காதைப் படித்ததுதானா?

அப்போதுதான், ஒரு காலத்தில் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்ட துவெய்ன் நினைவுக்கு வந்தான். வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் துவெய்ன் எல்லார் முன்னாலும் மோதிரத்தை நீட்டினான். ராய்ஸ் மறுப்பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியின் நுனியைத் தாழ்த்திக்கொண்டார். ஷெல்பி கொஞ்ச நாள் போகட்டுமே என்றாள். தானே யோசித்துச் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். துவெய்ன் காத்திருந்து அலுத்துப்போய், டல்சாவில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவளைக் கட்டிக்கொண்டான். இரண்டு பிள்ளைகளாம்.

ஷெல்பி போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அவரை நாளைக்கு வரவேணாம்னு சொல்லு, அவ்வளவுதானே” என்றாள் இனெஸ், சற்றுத் தணிந்து.

சொல்லத்தான் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராய்ஸ் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் பன் மாதிரியான பிஸ்கட்டை இறைச்சிக் குழம்பில் முக்கிக்கொண்டே, டெஸ்ஸாவுக்கு முதல் பந்தை எங்கே போட வேண்டும் என்று ஆரம்பித்தார். நேற்று பட்ட அடியைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இடுப்பு சரியாகத் திரும்பவில்லையாம். ஷெல்பி இடைமறித்து, வலைக்குப் பின்னால் உட்கார்ந்து இன்னமும் சைகை காட்டுகிறீர்களா என்று நேராகக் கேட்டாள்.

ராய்ஸுக்கு முகம் சிவந்தது. “செத்துப்போன உங்கம்மா மேல சத்தியம். நீ காலேஜுக்குப் போனதோட நான் அதை விட்டாச்சு. கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், தெய்வமேன்னு. அடி வாங்கினதுக்கு இப்ப அப்பன் மேல பழியா?”

சொல்லிக்கொண்டே தொப்பியின் நுனியைத் தாழ்த்தினார். அவருக்குத் தெரியாது. சத்தியமாகவே தெரியாது. பொய் சொல்லியிருந்தால் அவரைக் கிழித்துப்போட்டிருக்கலாம். பொய் சொல்லாத மனுஷனை என்ன செய்வது? ஷெல்பி காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் போனதற்காக மைதானம் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

ஆட்டம் தொடங்கியபோது வாளி அதே இடத்தில் இருந்தது. பார்க்கக் கூடாது என்று சங்கல்பம் செய்துகொண்டாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் வேறு எங்கே போகும்? காது இழுபட்டது, டெஸ்ஸா விசிலடித்தாள், ஷெல்பியின் விரல்கள் தாமாகவே ரைஸுக்கு மடங்கின, பந்து பறந்து போய் வேலியில் மோதியது. அதற்கடுத்தவளும் அடித்தாள். ஓர் ஓட்டம் போயிற்று. பெவ் டக்அவுட் படியில் ஒரு காலை வைத்தாள்.

அந்தக் காலைப் பார்த்ததும் ஷெல்பிக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்துக் கோபம். பார்க்காமல் இருக்க முடியாது, சரி. பார்த்துத் தொலைக்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன். அவள் தலையை நிமிர்த்தி, ஒளிவுமறைவில்லாமல், இனெஸைத் தாண்டி அப்பாவை முறைத்துப் பார்த்தாள். ராய்ஸ் முழங்காலைத் தேய்த்தார். டக்அவுட்டில் பேட்டரின் பேரைக் கூவினார்கள். பேட்டர் தாழ்கிற பந்துக்கு மட்டையைத் தாழ்த்தினாள். ஷெல்பி ரைஸ் போட்டாள். மட்டை காற்றை மட்டும் அடித்தது.

இனெஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. காட்டிய விரலும் வேறு, வந்த பந்தும் வேறு, எப்படியோ எட்டிப் பிடித்தாள். பிறகு முகமூடிக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தையை ஆசையாகச் சொன்னாள்.

அதன் பிறகு ஷெல்பி அப்பா சொன்ன எதையும் போடவில்லை. ஒவ்வொரு பந்தும் உடம்புக்கு வலித்தது. காது இழுபடும்போது ரைஸ் போடாமல் இருப்பது, தும்மல் வரும்போது தும்மாமல் இருப்பது மாதிரி. ஹூஸ்டன்காரிகள் குழம்பினார்கள், டக்அவுட்டில் பாட்டு தடுமாறியது. ஆனாலும் அவர்கள் விசிலை விடவில்லை. இத்தனை நாள் பொய் சொல்லாத காது இன்றைக்குப் பொய் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்?

ரெட்பட் அணி இரண்டு ஓட்டம் எடுத்து முந்தியது. கடைசி இன்னிங்ஸில் ஹூஸ்டனுக்கு மூன்று தளத்திலும் ஆட்கள் நின்றார்கள், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு வந்தவள் டெஸ்ஸா. ஒரு ரைஸும் ஒரு டிராப்பும் அவள் மட்டையைத் தாண்டிப் போய்விட்டன. பாக்கி ஒரு பந்து, அதையும் தவறவிட்டால் அவள் அவுட். டெஸ்ஸா காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள், “உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லுடி, என்ன போடப் போறே?”

வலைக்குப் பின்னால் ராய்ஸ் பாதி எழுந்து நின்றார். காதைப் பிடித்து இழுத்தார், பிய்ந்துவிடும் போல இழுத்தார். டக்அவுட் மொத்தமும் விசிலடித்தது. ஷெல்பி கையைச் சூறாவளியாய்ச் சுழற்றி, சேஞ்ச் போட்டாள். டெஸ்ஸா மட்டையை முழுசாய் வீசி, தன்னைத்தானே சுற்றி, மண்டி போட்டு விழுந்த பிறகுதான் பந்து ஆற அமர இனெஸின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது.

பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள். தூரத்திலிருந்து பெவ் தலையை ஆட்டினாள், இந்தத் தடவை தோளில் தட்டவில்லை. ஷெல்பி எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே வலையருகே போனாள். ராய்ஸ் கைதட்டவில்லை. வாளியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்றிருந்தார்.

“ரைஸ் போட்டிருக்கணும்” என்றார்.

“தெரியும். அதனாலதான் போடல.”

“தப்பிச்சே, அவ்வளவுதான். அவ கொஞ்சம் பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?”

“அப்பா, கீழ உங்க கையைப் பாருங்க.”

ராய்ஸ் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கையை வெடுக்கென்று எடுத்தார். மார்பில் கட்டிக்கொண்டார். பிறகு மெல்ல ஹூஸ்டன் டக்அவுட் பக்கம் திரும்பினார். அங்கே டெஸ்ஸா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, வெட்கம் சிறிதுமில்லாமல், அவரைப் பார்த்து ஒரு விசில் அடித்தாள். ராய்ஸின் முகத்திலிருந்த நிறமெல்லாம் வடிந்துபோனது.

“நேத்து பூரா நானா?” என்றார். “இனிமே நான் வரல, பாப்பா. வாளியைத் தூக்கிப் போட்டுடறேன்.”

நேற்று அவள் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். இன்றைக்கு அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அதையும் அவரே முடிவு செய்கிறாராம்.

“வருவீங்க” என்றாள். “ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருவீங்க. இதே இடம், இதே வாளி. காதை இழுங்க, தொப்பியைத் தாழ்த்துங்க, கையை நிறுத்தக் கூடாது. எல்லா ஊர்க்காரிகளும் உங்களையே பாக்கட்டும்.”

ராய்ஸுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அப்போ நான் சொல்றதை நீ போடவே மாட்டியா?”

“சில சமயம் போடுவேன்” என்றாள் ஷெல்பி. “எப்பன்னு உங்களுக்குத் தெரியாது.”