மொட்டை மாடி கோல்கீப்பர்

எழுபத்திரண்டாவது வயதில், படுக்கை மெத்தையை உடம்பில் கட்டிக்கொண்டு, அர்ஜென்டினா தேசியப் பெண்கள் ஹாக்கி அணியின் பெனால்டி கார்னரை நான் ஒற்றை ஆளாகத் தடுத்திருக்கிறேன். என் நெஞ்சில் பட்டுத் திரும்பிய பந்து ரொசாரியோ நகரத்தைத் தாண்டி, பரானா நதியையும் தாண்டி, எதிர் மாகாணத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டை உட்கார வைத்துவிட்டது. இதை நம்ப மறுத்தவர் எங்கள் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான், மூன்றாம் மாடி டோனா ஒஃபேலியா. மற்றவர்கள் நம்பினார்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

டோனா ஒஃபேலியா கட்டடச் சங்கத் தலைவி. பெருந்தொற்று வந்ததும் அவருக்கு ஒரு நாடே கையில் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. லிஃப்டில் ஒருவர்தான் போகலாம். படிக்கட்டில் நின்று பேசினால் போலீசுக்கு போன் போகும். மொட்டை மாடிக்குப் பூட்டு. ஆனால் அவர் தலைக்கு நேர் மேலே, என் எதிர்வீட்டில், யமிலா குடியிருந்தாள். தேசிய அணியில் பெனால்டி கார்னர் அடிக்கிறவள். பந்தை மட்டையில் கவ்வித் தரையோடு இழுத்து இடுப்பைச் சுழற்றி வீசினால், கோல் பலகை அதிரும் சத்தம் கேட்ட பிறகுதான் பந்து போனதே தெரியும். அப்பேர்ப்பட்டவள் மாதக்கணக்கில் சமையலறை ஓடுகளில் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் டோனா ஒஃபேலியாவே சாவியைக் கொடுத்தார். "என் தலைமேல தட்டறதுக்கு அவ ஆகாசத்துல போய்த் தட்டட்டும். ஆனா ஒத்த ஆளுதான். ரெண்டாவது தலை தெரிஞ்சுது, பூட்டிடுவேன்."

அந்த வாரக் கடைசியில் அணியின் முகாம் திறக்கவிருந்தது. உள்ளே போனவர்கள் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே போக முடியாது. தொற்று உள்ளவரோடு ஒட்டிப் பழகியிருந்தால் இடம் இல்லை. அந்த இடத்துக்கு மெந்தோசாவில் ஒரு பெண் பெட்டி கட்டித் தயாராக இருந்தாள்.

"அவளுக்கு அவங்கப்பாவோட திராட்சைத் தோட்டத்துல முழுசா ஒரு புல்தரை இருக்கு, டான் அன்செல்மோ," என்றாள் யமிலா, தன் வாசலில் நின்றபடி. "எனக்குச் சுவர்தான் இருக்கு. சுவரு அசையாது. ஆள் அசைஞ்சாத்தான் கைக்குப் புத்தி வரும்."

"நான் அசைவேன் பொண்ணே. முப்பது வருஷம் பஸ் ஓட்டின உடம்பு, இப்பவும் தானா ஆடுது."

அவள் சிரிக்கவில்லை. திறந்திருந்த என் கதவுக்கு உள்ளே கிடந்த மெத்தையைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை, நதித் தீவுகளில் எரிந்த புல்லின் புகை நகரம் முழுக்கக் கவிந்திருந்தது. யமிலா மாடி ஓடுகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். மாடியின் அந்தக் கோடியில் துணி காயப் போடும் கம்பிகளுக்கு நடுவே மெத்தையைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன். முதல் பந்துகள் என்னைக் கண்டுகொள்ளாமல் போயின. பிறகு ஒன்று வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை, நெஞ்சுதான் பார்த்தது. மல்லாந்து விழுந்தேன், மெத்தை மூக்குவரை ஏறி மூடிக்கொண்டது. "தடுத்துட்டீங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடி வரும் சத்தம் மட்டும் கேட்டது.

அங்கேதான் கை முந்திக்கொண்டது. பக்கத்தில், எங்கள் ஊர்க் கசப்பு இலைத் தேநீரான மாத்தே குடிக்கும் குடுவையும் சுடுநீர்க் குடுவையும் இருந்தன. ஜெயித்தால் ஊற்று, தோற்றால் ஊற்று, ஒரே குழல் வாய்க்கு வாய் மாறும். பிறந்தது முதல் எங்களுக்கு அதுதானே பழக்கம்! யாரோடும் பகிராதீர்கள் என்று அரசாங்கம் மாதக்கணக்கில் கெஞ்சியும் என் கைக்கு அது ஏறவில்லை. படுத்தபடியே ஊற்றி நீட்டினேன். அவள் வாங்கினாள். திரும்பி வந்தபோது குடுவை காலி. மெத்தைக்கு அடியில் இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

அன்று மாலையே இருமினேன். புகை என்றுதான் நினைத்தேன். புகை இல்லை.

முகாமுக்குப் போகும் வண்டி கீழே வந்து நின்ற காலையில், யமிலா பையோடு வாசலில் நின்றாள். போனில் அணி மருத்துவர் பஸானியின் குரல் நடை முழுக்கக் கேட்டது. என் வீட்டுக் கதவு மூடியிருந்தது. நான் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்திருந்தேன்.

"அவருக்குத் தொத்து உறுதியாயிடுச்சு. மாத்தே குடுத்தாருன்னு நீயே சொல்றே."

"குடிக்கல டாக்டர். மாஸ்க்கைக் கழட்டவே இல்ல. மோந்து மட்டும்தான் பாத்தேன்."

"மோந்து பாத்தியா?" மருத்துவர் பெருமூச்சு விட்டார். "மாத்தேய மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்த ஆளை நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. வண்டி ஏறணும்னு இருக்கறவ எவளும் இதைத்தான் சொல்லுவா. மெந்தோசாவுக்குச் சொல்லிடறேன்."

"டாக்டர்!" என்று கதவுக்கு உள்ளிருந்து கத்தினேன். "எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கால்பந்து மைதானமே இருந்துச்சு!"

"அப்புறம் மாத்தே எப்படிங்க கை மாறிச்சு?"

யமிலா கண்களை மூடிக்கொண்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழக்கமில்லை.

அப்போது டோனா ஒஃபேலியா படியேறி வந்தார், மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், கையில் கிருமிநாசினி. "என்ன கூச்சல் இங்க?"

"நீங்க யாருங்க?" என்றது போன்.

"சங்கத் தலைவி."

"மாடியில அன்னிக்கு என்ன நடந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா?"

"அங்க எதுவும் நடக்கல. ஒத்த ஆளுக்குத்தான் அனுமதி. இந்த பஸ்காரர் பந்தைத் தடுத்தாராம், ஆத்தைத் தாண்டிச்சாம்! எல்லாம் புளுகு."

நடையில் ஒவ்வொரு கதவாக இடுக்கு விட்டுத் திறந்தது. கீழே வண்டி ஹாரன் அடித்தது. யமிலா பையைத் தோளிலிருந்து இறக்கி, மெதுவாகத் தரையில் வைத்தாள்.

டோனா ஒஃபேலியா அந்தப் பையைப் பார்த்தார். திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார். கிருமிநாசினியை வெறும் காற்றில் இரண்டு முறை அடித்தார்.

"நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்தேன்," என்றார்.

"மாடியிலயா? ஒத்த ஆளுதான்னீங்களே?"

"சட்டத்தை மீறறாங்களான்னு பாக்கப் போனேன். எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க, நானும் மீறினேன். இந்தப் பொண்ணு குடுவைய வாங்கினா. மாஸ்க் மேலயே வச்சு மோந்துக்கிட்டு நின்னா, ரொம்ப நேரம். அழுதான்னு நினைக்கிறேன். அப்புறம் என் ஜெரேனியச் செடியில ஊத்திட்டா. சுடுதண்ணி! செடி வாடிக் கெடக்கு, வந்து பாருங்க."

 சாவித்துவாரத்தில் என் கண் இமைக்கவில்லை.

"அப்போ," என்றார் மருத்துவர் மெதுவாக, "அந்தக் கிழவர் பந்தைத் தடுத்தாருங்கறது?"

டோனா ஒஃபேலியா என் கதவுப் பக்கம் திரும்பவேயில்லை. மாஸ்க்குக்குள் உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.

"தடுத்தாரு," என்றார். "நெஞ்சாலதான். என் கண்ணால பாத்தேன்."