வாய்க்காலில் ஒரு வலை

ஆய்வகத்திலிருந்து கிர்ஸ்டன் கூப்பிட்டபோது மெரேபேகா முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் கைப்பேசி. குளிர்காலத்து ரோட்டோமானு ஏரி ரப்பர் பூட்ஸையும் தாண்டி எலும்பைக் கடித்தது.

"நீ அனுப்பின கிழக்குக் கரைத் தண்ணியில விலாங்கு இருக்கு, வாத்து இருக்கு, கோவுரா இருக்கு," என்றாள் கிர்ஸ்டன். கோவுரா அந்த ஏரியின் கொடுக்குள்ள இறால், ஊர் விருந்துகளின் பெருமை. "அதெல்லாம் சரிதான். ஆனா கெளுத்தியும் இருக்கு."

மெரேபேகா வெப்பமானியைச் சட்டைப்பையில் போட்டாள். பழுப்புக் கெளுத்தி அந்தத் தீவு நாட்டின் மீனே அல்ல. எவனோ எப்போதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது புகுந்த ஏரிகளில் கோவுராவை அடியோடு தின்று தீர்த்திருந்தது.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியாது. அதான் பிரச்சினை. மீன் தோல் பிசிறு, எச்சம், இப்படித் தண்ணியில கரைஞ்சு கிடக்கிறதை வச்சுத்தான் நாங்க பேர் சொல்றோம். வேற ஏரியில ஓடின படகு காயாம இங்க வந்திருந்தாலும் இப்படிக் காட்டும்."

"உசுரோட மீன் இருந்தாலும் காட்டும்ல?"

"காட்டும்," என்றாள் கிர்ஸ்டன்.

மெரேபேகாவின் குலத்தாருக்குச் சொந்தமான ஏரி அது. அதைக் காப்பதற்கென்று குலத்தார் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். மரம் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மெரேபேகா, ஏரியைக் கண்காணிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். தண்ணீரின் தெளிவு, சூடு, அதில் கரைந்த காற்று, பாசி எல்லாம் அவள் பொறுப்பு. அறக்கட்டளையின் தலைவன் டமாட்டி, அவள் பெரியப்பா மகன். படகுகளும் விருந்தினர் குடில்களும் அவன் தொழில். கோடையில் நடக்கும் படகுப் பந்தயமும் அவன் ஏற்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் கூட்டம் கூடியது. மெரேபேகா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: ஏரியிலிருந்து கீழ் ஏரிக்கு ஓடும் வாய்க்காலின் குறுக்கே வலை கட்ட வேண்டும். கீழ் ஏரியில் இன்னும் கெளுத்தி இல்லை.

"வலை கட்டினா படகு எப்படிப் போகும்?" என்றான் டமாட்டி. "பந்தயமே வாய்க்கால் வழியாத்தான் போய் முடியுது."

"அதனாலதான் இப்பவே சொல்றேன் அண்ணே."

"மீனை யாராவது பாத்தீங்களா?" அவன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். யாரும் பார்க்கவில்லை. "பாக்காத மீனுக்கு வலை கட்டச் சொல்ற. இது மீனா, பேயா?"

மண்டபம் சிரித்தது. டமாட்டியும் சிரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காத பேகா. மீனைக் கையில கொண்டா, மறுநாளே வாய்க்காலை மூடிரலாம்," என்றான்.

அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போனால், "என்ன பேகா, பேய்மீன் சிக்குச்சா?" என்றார்கள். பெட்ரோல் போடப் போனாலும் அதே கேள்வி. "சிக்கினா முதல் துண்டு உனக்குத்தான்," என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் முகம் மாறும்.

வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் கூடுவலைகளை மாலையில் போட்டுக் காலையில் தூக்கினாள். விலாங்கு வந்தது. தங்கமீன் வந்தது. கோவுரா வந்து கொடுக்கை விரித்து அவளை மிரட்டியது. எல்லாவற்றையும் திரும்ப விட்டாள். கெளுத்தி மட்டும் வரவில்லை. குளிர்காலம் முடிந்தது, கரையோர மஞ்சள் பூக்கள் பூத்து உதிர்ந்தன, அப்போதும் வரவில்லை. ஒருநாள் வெறும் வலையை உதறும்போது, தான் நிஜமாகவே பேயைத்தான் துரத்துகிறோமோ என்று அவளுக்கே தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிர்ஸ்டனைக் கூப்பிட்டாள்.

"மீனைத் தேடுறதை விட்டுட்டுத் தண்ணியைத் தேடுவோம். கரை நெடுக எடுத்து அனுப்புறேன். எங்க வாடை அதிகமோ அங்க அது இருக்கும்."

"இவ்வளவு பரிசோதனைக்கு எனக்கு அனுமதி இல்ல," என்றாள் கிர்ஸ்டன். பிறகு, "அனுப்பு. கேட்டு வாங்குறேன். தராட்டி சண்டை போட்டு வாங்குறேன்," என்றாள்.

அவள் சண்டைதான் போட வேண்டியிருந்தது. முடிவு வந்த அன்று அவளே நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தார்கள். நாணல் திட்டில் ஒன்றுமில்லை. தெற்கு மூலையில் லேசாக. வடக்கே போகப் போகக் கூடியது. கூடிக் கூடி ஓர் இடத்தில் எகிறி நின்றது. ஏரியின் அடியில் வெந்நீர் ஊற்று கசியும் இடம். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் மேல் மரப்பாலம் போல நீண்டிருந்தது டமாட்டியின் படகுத்துறை.

"வேற இடமே கிடைக்கலையா அதுக்கு," என்றாள் மெரேபேகா.

டமாட்டி ஒரேயடியாக மறுத்தான். "விருந்தாளிங்க குளிக்கிற இடம் பேகா. அங்க வலை போட்டு என் பேரைக் கெடுக்கணுமா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி ஹூரியா மாவுக் கையோடு வந்தாள். "ஒண்ணும் இல்லேன்னா பேரு எப்படிக் கெடும்? இருக்குன்னா விருந்தாளி கால்ல முள் குத்தினாத்தான் கெடும். நீ போடு பேகா. நான் சொல்றேன்."

"நீ யாரு பக்கம்?" என்றான் டமாட்டி.

"பொரிக்கிற ரொட்டி கருகுது. அது பக்கம்," என்று அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு மெரேபேகா வலையை இழுத்தாள். கனத்தது. அது விலாங்கின் கனம் இல்லை. விலாங்கு சுருண்டு துள்ளும். இது கல்லைப் போல வந்தது. வலையின் வாயைப் பிரித்தபோது கறுத்த, செதில் இல்லாத உடம்பும் அகன்ற வாயும் அதைச் சுற்றி மீசைகளும் தெரிந்தன. கையை நீட்டினாள். துடுப்பு முள் அவள் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. அவள் மீனை விடவில்லை.

"அண்ணே!" என்று கத்தினாள். "உன் பேய் வந்திருக்கு, வந்து பாரு!"

டமாட்டி ஓடிவந்தான். மீனைப் பார்த்தான், அவள் மணிக்கட்டில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை துறைக் கம்பத்தடியில் நின்றுவிட்டது. அவளும் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு பந்து உருண்டுகொண்டிருந்தது. அவ்வளவும் குஞ்சுகள். தலைப்பிரட்டைகளைப் போல ஒன்றையொன்று உரசிக்கொண்டு, விரிந்தும் சுருங்கியும் நகர்ந்தன. அவற்றைச் சுற்றி இன்னொரு பெரிய கெளுத்தி காவல் சுற்றியது.

ஜெயித்தோம் என்ற நினைப்பு மெரேபேகாவுக்கு மீனைப் பிடித்த அந்த ஒரு கணம்தான் இருந்தது. இது நேற்று வந்த மீன் இல்லை. இங்கேயே பெருகிவிட்டது.

டமாட்டி குரலைத் தாழ்த்தினான். "கிர்ஸ்டனுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. பந்தயம் முடியட்டும். அதுவரைக்கும் நானும் நீயுமா இங்கேயே பிடிச்சுக் கொன்னுருவோம். எங்கெங்க இருந்தோ ஆளுங்க பணம் கட்டி வர்றாங்க பேகா. குடில் எல்லாம் நிரம்பிருச்சு. ஊருல பாதிப் பேருக்குக் கோடை வருமானமே அதுதான். உனக்குத் தெரியாதா?"

அது பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய தம்பியே பந்தயத்தில் சமையல் கூடாரம் போடுகிறவன்.

"அத்தனை படகும் வாய்க்கால் வழியா கீழ போகும் அண்ணே. ஒவ்வொரு படகுக்கு அடியிலயும் தண்ணி, களை. அதுல இந்தக் குஞ்சுல நாலு போனா போதும்."

"போகாமலும் இருக்கலாம்."

"கீழ இருக்கிறது எங்க அம்மா பொறந்த ஊரு. நம்ம ஏரியில கோவுரா குறைஞ்ச வருசம், உன் கல்யாணத்துக்கு அவங்கதான் கூடை கூடையாக் கொண்டாந்து இறக்குனாங்க. அவங்களுக்கு நாம இதை அனுப்பிவிடணுமா?"

அவள் மீனைப் பலகையில் வைத்து, நல்ல கையால் கைப்பேசியை எடுத்து, அவன் கண்முன்னாலேயே படம் பிடித்துக் கிர்ஸ்டனுக்கு அனுப்பினாள். டமாட்டி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனான். ஹூரியாதான் வந்து அவள் கையைக் கழுவி இறுக்கக் கட்டுப்போட்டாள்.

கெளுத்தி உறுதியானதும் பந்தயம் நின்றது. ஊர் அவளை வாழ்த்தவில்லை. கடையில் பேய்மீன் பேச்சு நின்றுபோனது. அவளைக் கண்டால் பேச்சே நின்றுபோனது. தம்பி இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வண்டிக் கண்ணாடியில் யாரோ சேற்றை அள்ளிப் பூசியிருந்தார்கள். அதை வழித்துத் துடைத்துவிட்டு வலைபோடப் போனாள். குஞ்சுப் பந்துகளைச் சல்லடை வலையால் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டினாள். கிர்ஸ்டனும் விடுமுறை நாட்களில் வந்து கூட அள்ளினாள்.

வாய்க்காலில் வலை கட்டும் நாளன்று கீழ் ஏரி உறவினர்கள் லாரி நிறையக் கம்பங்களோடு வந்து இறங்கினார்கள். மேல் ஏரிக்காரர்களில் மெரேபேகாவும் ஹூரியாவும் மட்டும் இருந்தார்கள். நீரோட்டம் வேகமாக இருந்தது. வலையின் அடியில் கல் கட்டி இறக்கினால் ஓட்டம் அதைத் தூக்கித் தூக்கி எறிந்தது. இரண்டு முறை வலை பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது முறை அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தபோது, வளைவுக்கு அப்பால் மோட்டார் சத்தம் கேட்டது.

டமாட்டியின் பெரிய படகு. அதில் பந்தயத்துக்கு மிதவை கட்ட வைத்திருந்த இரும்புச் சங்கிலிகள் குவிந்து கிடந்தன. அவன் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்தான்.

"இப்படியா கட்டுவாங்க? லாரிக்காரிக்கு முடிச்சுப் போடத் தெரியுதா பாரு. தள்ளு."

அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். "மெதுவா இழு அண்ணே, கை இன்னும் ஆறல."

"தெரியும். நீ வலது பக்கம் பிடி."

சங்கிலியின் கனத்தில் வலை தரையோடு படிந்து நின்றது.

அடுத்த கோடையில் படகுப் பந்தயம் மேல் ஏரிக்குள்ளேயே, சின்னதாக நடந்தது. வந்த ஒவ்வொரு படகையும் டமாட்டி நிறுத்தி, சுடுதண்ணீரால் கழுவாமல் இறங்க விடவில்லை. சண்டைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். தம்பியின் சமையல் கூடாரத்தில் கூட்டம் குறைவுதான். ஆனாலும் மெரேபேகாவின் தட்டில் அவனே வந்து பரிமாறினான். மேல் ஏரியில் கெளுத்தி ஒழியவில்லை, முழுக்க ஒழியாது என்று கிர்ஸ்டன் மறைக்காமல் சொல்லிவிட்டாள். காலைதோறும் ஊரில் முறை வைத்து வலை தூக்கினார்கள். சில நாள் நிறையச் சிக்கும், சில நாள் கோவுராதான் கொடுக்கை விரிக்கும்.

கீழ் ஏரியில் எடுத்த தண்ணீர் இதுவரை சுத்தமாகவே இருக்கிறது. இந்த வாரமும் மெரேபேகா அங்கே போய் வடிகட்டி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முடிவு வரச் சில வாரம் ஆகும். நாளைக் காலை வலை தூக்கும் முறை அவளுடையது.