ரிச்சர்டின் மயில்

பாளையங்கோட்டையில் குடியிருப்போர் சங்கம் நடத்திய கைவினைக் கண்காட்சியில், ஓய்வுபெற்ற அதிகாரி ரிச்சர்ட் ஒரு மர மயிலை வைத்திருந்தார். தோகை முழுக்கப் புளியங்கொட்டை அளவில் துளைகள். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஸ்க்ரோல் சா மெஷினில், மூன்று மாதம் உட்கார்ந்து அறுத்ததாக வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசையில் தன் மெஷினோடு இருந்த சித்ரலேகா, ஆறு வருடமாக விடுமுறை நாட்களில் மரம் அறுப்பவள். ஒரு துளையின் உட்புறத்தைச் சுண்டுவிரலால் தடவினாள். கரி ஒட்டியது. பிளேடு அறுத்த மரத்தில் கரி ஏது? மயில் ஏதோ கடையில் லேசர் சூட்டால் வெட்டி வாங்கியது.

"நல்லா இருக்கு சார். என் மெஷின்ல இந்தப் பலகையில ஒரு இலை மட்டும் அறுத்துக் காட்டுங்க" என்றாள்.

"அதுக்கென்னம்மா, பைய சொல்லித் தாரேன்."

பிளேடை அவரே மாட்டினார். பற்கள் கீழ்நோக்கி இருந்தால்தான் பலகை அடங்கி நிற்கும். அவர் மேல்நோக்கி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் பலகை தவளையாகக் குதித்தது. பிளேடு முறிந்தது.

"மெஷின் சரியில்ல வே" என்றார், பொன்னாடையோடு வந்த சங்கத் தலைவர் சிவசைலத்திடம். அவரும் தலையாட்டினார்.

"பல்லு எங்கன பாக்கணும்னே தெரியல. மூணு மாசம் என்னத்த அறுத்திய சார்?" என்றாள் சித்ரலேகா.

ரிச்சர்ட் காதில் விழாததுபோல் பொன்னாடைக்குக் குனிந்து, போட்டோவுக்குச் சிரித்தார். சித்ரலேகாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படும் அளவுக்கு அந்த மனிதரிடம் எதுவும் இல்லை. மெஷினைத் துணியால் மூடி, கைதட்டல் முடியுமுன் கிளம்பினாள்.