ஒரே வரியில் இரண்டு பேர்

ஆம்புலன்ஸ் சேவையின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. வடக்குக் கிளையில் வேலை பார்க்கும் நாத்தனார் ஃபோனில் கத்திக் கத்திக் கூப்பிட்டதில் அந்தப் பெயர் மேனேஜர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்கு ஆபீஸ் வைத்த பெயர் சைரன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவள். குரலும் அதற்கேற்ற மாதிரிதான்.

கொஞ்ச நாளாக அந்தக் குரல் கேட்கவில்லை. சைரன் தன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருக்க, அண்ணியும் கணவரும் வேறு பக்கம் குடிபோய்விட்டார்கள். “என் பக்கத்துல இருக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். ஆபீஸ் விஷயம்கூட மெயிலோடு சரி. அந்த மெயிலும் சுருங்கிக்கொண்டே வந்தது.

அதனால்தான் இந்த வம்பு வந்து சேர்ந்தது.

எந்தத் தெருவிலிருந்து அழைப்பு வந்தால் வண்டி எந்த வழியாக எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் ஒரே கோப்பில் வரிவரியாக இருக்கும். கோப்பு இருந்த கம்ப்யூட்டரோ வேறொரு ஊரில். அண்ணி அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தன் திரையில் ஒரு கறுப்பு விண்டோவைத் திறந்து, அதன் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் போவாள். ஆற்றுப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடப்போகிறார்கள் என்று சைரன் ஒரு நகல் எடுத்து வழிகளை மாற்றினாள். புது ஆஸ்பத்திரி திறந்துவிட்டது என்று அண்ணி இன்னொரு நகலில் ஆஸ்பத்திரிகளை மாற்றினாள். ஒருத்திக்கு ஒருத்தி சொல்லவில்லை. அன்று காலையில் பார்த்தால் இரண்டு நகலும் அந்தக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மத்தியானம் பாலத்தை மூடுகிறார்கள்.

“எது புதுசோ அதைப் போட்டுடுங்க அண்ணி” என்றார் மேனேஜர்.

“சைரனோடதுதான் புதுசு. அதைப் போட்டா புது ஆஸ்பத்திரி காணாமப் போயிடும் சார். என்னோடதைப் போட்டா வண்டி மூடுன பாலத்துல போய் நிக்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் ஆகணும்.”

“முடியுமா?”

“முடியும்.”

சொன்ன தோரணையில் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி முதலில் இரண்டுக்கும் பத்திரமாக ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு இரண்டையும் ஒப்பிடச் சொன்னாள். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு வரி விடாமல் எல்லாமே வித்தியாசம் என்றது.

“போச்சு!” என்று மேனேஜர் எழுந்துவிட்டார். “எல்லாத்தையுமா மாத்தி வெச்சிருக்கு அந்தப் பொண்ணு?”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. “உக்காருங்க சார். வடக்குக் கிளை கம்ப்யூட்டர் வேற ரகம். ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துடும். நமக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.”

அந்தக் குறிகளை ஒரே கட்டளையில் துடைத்துவிட்டு மறுபடி ஒப்பிட்டாள். சிவப்பு வடிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சமிருந்தது. இரண்டு பேரும் கை வைக்காத பழைய கோப்பையும் நடுவில் வைத்தாள். யார் எதை மாற்றினார்கள் என்று அதை வைத்துத்தான் மெஷினுக்குப் பிடிபடும். சைரன் மட்டும் தொட்ட வரிகள் ஒரு பக்கமிருந்து புதுக் கோப்புக்கு வந்தன, அண்ணி மட்டும் தொட்டவை மறுபக்கமிருந்து. பாதியில் இணைப்பு அறுந்தது. மேனேஜர் தலையில் கை வைத்தார். அண்ணி மறுபடி உள்ளே போனாள். இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கும்படிதான் ஆரம்பித்திருந்தாள். விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே காத்திருந்தது.

ஒரே ஒரு வரியில் மெஷின் கைவிரித்தது. ஆற்றோரக் குடியிருப்பு. புறவழிச்சாலை, பழைய ஆஸ்பத்திரி என்று சைரன். பாலம், புது ஆஸ்பத்திரி என்று அண்ணி. ஒரே வரியில் இரண்டு பேரும் கை வைத்திருந்தார்கள்.

“புறவழிச்சாலை, புது ஆஸ்பத்திரின்னு எழுதினா முடிஞ்சுதே” என்றார் மேனேஜர்.

அண்ணிக்கும் கை அதற்குத்தான் போனது. ஆனால் புறவழிச்சாலையில் வந்தால் ஆஸ்பத்திரியின் பின்பக்கம்தான் வரும். அந்த வாசல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஃபோனை எடுத்தாள்.

“சொல்லுங்க.” அந்தப் பக்கம் அண்ணி என்ற சொல் வரவில்லை.

“ஆற்றோரக் குடியிருப்பு. புறவழிச்சாலைல வந்து புது ஆஸ்பத்திரி பின்வாசல்ல நுழையலாமா?”

“ஐயோ, வேணாம் அண்ணி!” சைரன் குரல் அறை முழுக்கக் கேட்டது. “அங்க உயரமான வண்டி நுழையக் கூடாதுன்னு மேல குறுக்குக் கம்பி போட்டிருக்கான். கார் போகும். நம்ம வண்டி மேல இருக்கற விளக்கு இடிச்சு நின்னுடும். நேத்துதான் போய்ப் பார்த்தேன்.”

“அப்ப?”

“பக்கத்துலயே சரக்கு லாரி வர்ற வாசல் இருக்கு. அகலமா, ஜம்முனு போகலாம். ஆனா காவலுக்கு இருக்கறவர் பூட்டி வெச்சிருக்காரு.”

“பூட்டு என் பொறுப்பு” என்றார் மேனேஜர்.

அவரே ஆஸ்பத்திரிக்குப் பேசி வாசலைத் திறக்க வைத்தார். அண்ணி அந்த வரியை எழுதினாள்: புறவழிச்சாலை, புது ஆஸ்பத்திரி, சரக்கு வாசல். இரண்டு நகலிலும் இல்லாத வரி. சைரனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பொய் அழைப்புகள் சிலவற்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். சைரன் அங்கே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “சரி” சொன்னாள். பாலத்தில் தடுப்பு வைப்பதற்கு முன்பே புதுக் கோப்பு வேலைக்கு வந்துவிட்டது.

“இனிமே வழியெல்லாம் தனிக் கோப்பு, ஆஸ்பத்திரியெல்லாம் தனிக் கோப்புன்னு பிரிச்சுடலாம்” என்றாள் அண்ணி. “வழி உன்னோடது.”

“வாசல்?”

அண்ணி யோசித்தாள். “வாசலும் நீயே வெச்சுக்கோ. நான் ஒரு வாசலையும் நேர்ல பார்த்ததில்ல.”

“உங்க வீட்டு வாசலைத்தான் நானும் பார்த்ததில்ல” என்றாள் சைரன்.

“யாரு வேணாம்னா? இன்னிக்கு சாயங்காலமே வா. உன் தெருவுலேருந்து அவருக்கு ஆபீஸ் ரொம்ப தூரம்டி, அதான். வேற ஒண்ணும் கிடையாது. அதை உங்க அண்ணன் வாயத் திறந்து சொல்லியிருக்கணும்.”

“அவரு எதைத்தான் சொன்னாரு இதுவரைக்கும்!”

மேனேஜர் எழுந்து கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து அண்ணனை வறுத்தெடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.